காயாத துணிகள்

மழையைப் பிள்ளைகள் பாடப்புத்தகத்துப் படத்தில் மட்டும் பார்த்த ஒரு வருஷம், சித்திரை பிறந்து ஐந்தாம் நாள், கோவில்பட்டியில் தங்கையா காம்பவுண்டின் கடைசி வீட்டில் சௌந்தரவல்லி காலையில் துவைத்துக் கொடியில் போட்ட துணிகள் மத்தியானம் காயவில்லை. சுவரைத் தொட்டால் கை கொப்புளிக்கிற வெயிலில் சாயங்காலமும் காயவில்லை. மறுநாள் விடிந்து பார்த்தபோது, பிழிந்து உதறிப் போட்ட துணிகளெல்லாம் அப்போதுதான் வாளியிலிருந்து எடுத்தவை போலச் சொட்டிக்கொண்டிருந்தன. அதற்கும் மறுநாள் அந்தத் தண்ணீர் சிமெண்டுத் தரையில் ஓடி, வாசற்படி இறங்கி, தெருவுக்குப் போய்ச் சேர்ந்தது. வேப்பமரத்தடியில் படுத்திருந்த நாய் எழுந்து வந்து அதைக் குடித்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோலத் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டது.

"என்ன மதினி, பிழியாமலே போட்டுட்டீங்களா?" என்றாள் எதிர்வீட்டு ரெஜினா.

"பிழிஞ்சுதான் போட்டேன்."

ரெஜினா நம்பவில்லை. போர்வையின் ஒரு முனையை அவள் பிடித்துக்கொண்டாள், மறுமுனையைச் சௌந்தரம் பிடித்துக்கொண்டாள், இரண்டு பேரும் எதிரெதிராக நின்று முறுக்கினார்கள். ஒரு வாளி நிறைந்தது. இன்னொரு வாளி நிறைந்தது. போர்வை மட்டும் முன்பிருந்த கனத்திலேயே இருந்தது. ரெஜினா வாளியைப் பார்த்தாள், தன் வீட்டு வாசலில் பதினோரு நாளாகக் கவிழ்ந்து கிடந்த குடங்களைப் பார்த்தாள், விரலை வாளியில் விட்டு நாக்கில் வைத்தாள். சோப்பு வாசனை துளிகூட இல்லை. கிணற்றுத் தண்ணீர் மாதிரி இனித்தது. அவளுக்கு ஆச்சரியம் பிறகுதான் வந்தது, தாகம் முதலில் வந்தது. "இந்த ரெண்டு வாளியையும் நான் எடுத்துக்கிடட்டுமா மதினி?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் தூக்கிக்கொண்டு போனாள்.

அந்த வீட்டில் ஒன்பது பேர். சௌந்தரத்தின் கணவர் கதிரேசன் வைத்திருந்தது இரும்புக்கடை. அவர் சட்டையில் துருவும் பெயிண்டும் தினமும் வரும். கொழுந்தன் தாமோதரன், அவன் மனைவி மைதிலி. மைதிலி பள்ளிக்கூடத்து டீச்சர், கஞ்சி போடாத சேலை அவளுக்கு ஆகாது. இரண்டு ஜோடிக்குமாகச் சேர்த்து நான்கு பிள்ளைகள், புதன்கிழமை வெள்ளை யூனிஃபார்ம், மற்ற நாளில் நீலம். மாமனார் வாதத்தில் விழுந்து பதினாலு மாதம் ஆகிவிட்டது. வாய் போய்விட்டது, கண் மட்டும் மிச்சம். அவருக்கு ஒரு நாளைக்கு மூன்று விரிப்பு. ஒன்பதாவது ஆள் சௌந்தரம். துணி அந்த வீட்டில் பத்தாவது ஆளைப்போல் இருந்தது. காலையில் அவளுக்கு முன்னால் எழுந்து நின்றது, சாப்பாட்டு வேளையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது, அவள் படுக்கப் போகும்போது கட்டிலில் அவளுடைய இடத்தில் மடிக்கப்படாமல் படுத்துக் கிடந்தது.

இத்தனையையும் அவளோடு சேர்ந்து துவைத்து, அலசி, காயப்போட்டு, எடுத்து, மடித்து ஆறு வருஷம் ஓட்டியவள் கோமு. ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருவாள். காம்பவுண்டில் இந்த வீட்டையும் சேர்த்து நான்கு வீட்டில் அவளுக்கு வேலை.

பட்டுச்சேலைக்கு இஸ்திரி போட நேரமில்லாத வீடுகளில் செய்வதைத்தான் அந்த வீட்டிலும் செய்வார்கள்: சேலையை நீவி மடித்து, செய்தித்தாளில் பொதிந்து, முந்தின நாளே மெத்தைக்கு அடியில் வைத்துவிடுவார்கள். அந்த வீட்டில் யாருக்குக் கல்யாணம் காட்சி வந்தாலும் சேலை மாமனாரின் மெத்தைக்கு அடியில்தான் போகும். மற்றவர்கள் தூக்கத்தில் புரளுவார்கள், அவர் புரளமாட்டார், மடிப்பு கத்தி மாதிரி விழும். மாசியில் மதுரையிலிருந்து நாத்தனார் விசாலம் ஒரு கல்யாணத்துக்கு வந்திருந்தபோது, தன் கத்திரிப்பூ நிறப் பட்டைக் கொடுத்து, "மதினி, இதை அப்பா மெத்தைக்கடியில வச்சிருங்க" என்றாள். அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. சின்னவன் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். மாமனாரின் மேல் மெத்தை நனைந்திருந்தது. ஈரம் படக்கூடாதே என்று சௌந்தரம் சேலையை வழக்கமான இடத்தில் வைக்காமல், கீழே கிடந்த தேங்காய்நார் மெத்தைக்கும் அடியில், பலகையோடு பலகையாகச் செருகினாள். செருகிய கையோடு பாலை இறக்க ஓடினாள். பாலோடு சேர்ந்து அந்த ஞாபகமும் எங்கோ இறங்கிவிட்டது.

மறுநாள் காலையில் மேல் மெத்தையைத் தூக்கிப் பார்த்தார்கள், இல்லை. அடி மெத்தையை மாமனாரின் கனத்தோடு தூக்க யாருக்கும் தோன்றவில்லை. பீரோவைக் கவிழ்த்தார்கள். விசாலம் அழுதாள். கல்யாணத்துக்கு நேரமாகிறது என்று கதிரேசன் கத்தினார். அப்போது சௌந்தரம் முற்றத்துக்கு வந்து, நான்கு வீட்டுக்கும் கேட்கிற குரலில், "கோமு, நேத்து கடைசியா துணி எடுத்து மடிச்சது நீதானே?" என்று கேட்டாள்.

அவ்வளவுதான் கேட்டாள். திருடி என்று சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தையைத் தான் சொல்லவில்லை என்பதைப் பிற்பாடு அவள் எத்தனையோ தடவை தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டாள். மிச்சத்தை மற்றவர்கள் சொல்லிக்கொண்டார்கள். "யக்கா, நான் அந்தச் சேலையைக் கண்ணால பாக்கலை" என்று கோமு சொன்னதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. பங்குனி பிறப்பதற்குள் மற்ற மூன்று வீட்டிலும் அவளை நிறுத்திவிட்டார்கள்.

சித்திரை நாலாம் நாள், மாமனாரைக் கொழுந்தன் தூக்கி நாற்காலியில் உட்கார்த்திவிட்டு வேலைக்குப் போனபின், நார் மெத்தையை வெயிலில் போடலாம் என்று சௌந்தரம் தனியாகப் புரட்டினாள். பலகைமேல் செய்தித்தாள் பொதி இருந்தது. பிரித்தாள். இரண்டு மாதம் ஒரு மனிதர் அசையாமல் படுத்திருந்த மடிப்பு, கத்தி மாதிரித்தான் விழுந்திருந்தது. அவள் அதைத் திரும்பப் பொதிந்து, பரணில் பெரிய அண்டாவுக்குள் போட்டு, அண்டாவை மூடி, கீழே இறங்கி வந்தாள். மாமனார் நாற்காலியிலிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் போய் அவர் வாயைத் துடைத்துவிட்டாள். துடைக்க அங்கே ஒன்றுமில்லை.

மறுநாள் துவைத்த துணிகள்தான் காயவில்லை.

காம்பவுண்டு இதைப் பழகிக்கொண்ட வேகத்தைச் சொன்னால் நம்பமாட்டார்கள். முதல் வாரம் குடத்தோடு வந்து நின்று அண்ணாந்து பார்த்தார்கள். இரண்டாம் வாரம் யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை; குடத்தைத்தான் பார்த்தார்கள். ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் ஐயம்பெருமாள், எல்லாருக்கும் அண்ணாச்சி, மூன்றாம் வாரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து முறை பிரித்துக் கொடுத்தார். போர்வை பெரிய குடும்பத்துக்கு, வேட்டி நடுத்தரத்துக்கு, தனியாக இருக்கிறவர்களுக்குத் துண்டு. மாமனாரின் விரிப்புகளைத் தனிக்கொடியில் போட்டு, அந்தத் தண்ணீர் செடிக்கும் கக்கூசுக்கும் என்று வைத்தார்கள்.

"பாவாடைத் தண்ணியை நாங்க குடிக்க மாட்டோம், சொல்லிட்டேன்."

"உன்னை யாரு குடிக்கச் சொன்னா? ஏனம் கழுவு."

"அண்ணாச்சி, எனக்குப் போன வாரமும் ஜாக்கெட்டுதான். ஒரு குடம் ரொம்புறதுக்கு மத்தியானம் ஆகுது. பஞ்சப்பட்ட ஜாக்கெட்டு."

"ஜாக்கெட்டுல என்னம்மா வரும்? துணி இருக்கிற அளவுக்குத்தான் தண்ணி வரும்."

"அப்ப டீச்சர் சேலையை எனக்குப் போடுங்க. ஆறு கெஜம்."

மைதிலி ஒரு துண்டைத் துவைத்துப் போட்டுப் பார்த்தாள். பத்து நிமிஷத்தில் மொடமொடவென்று காய்ந்துவிட்டது. ரெஜினா துவைத்ததும் காய்ந்தது. சௌந்தரத்தின் கை பட்டது மட்டும்தான் சொட்டியது. அதன்பிறகு அவளை வேறு வேலை செய்ய யாரும் விடவில்லை. காம்பவுண்டில் இருபத்தேழு வீடு. இருபத்தேழு வீட்டிலிருந்தும் கிழிந்த போர்வை, பழைய வேட்டி, திரைச்சீலை, கலியாண வீட்டு ஜமுக்காளம் என்று அவள் முன்னால் கொண்டுவந்து குவித்தார்கள். ஒரு சொம்பு தண்ணீரில் நனைத்து அவள் கும்மிப் போட்டால் போதும், ஊர் நனைந்தது. அவள் வீட்டுச் சமையலை ஒருத்தி செய்தாள், பாத்திரத்தை ஒருத்தி தேய்த்தாள், மாமனாரின் விரிப்பையும் பிள்ளைகளின் யூனிஃபார்மையும் முறைவைத்துத் துவைத்து, காய்ந்து மடித்ததாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவள் வீட்டு நாற்காலிகளில் மனிதர்கள் உட்கார்ந்தது அப்போதுதான். நகராட்சியிலிருந்து ஒருவர் வந்தார், சுவருக்குப் பின்னால் மோட்டார் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார், ஒரு டம்ளர் வாங்கிக் குடித்தார், "தண்ணி நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"மகராசி கை" என்றார்கள். கைக்குழந்தைகளைக் கொண்டுவந்து அவள் கையைத் தலையில் வைக்கச் சொன்னார்கள். ஊறி ஊறி வெளுத்துச் சுருங்கிப்போன அந்தக் கையை அவள் ஒவ்வொரு தலையிலும் வைத்து எடுக்கும்போது, அது தன் கையல்ல, யாரோ கழற்றிப் போட்டுவிட்டுப் போன கையுறை என்று அவளுக்குத் தோன்றும். எதனால் காயவில்லை என்று அவளுக்குத் தெரியும். மாமனாருக்கும் தெரியும். பரணில் அண்டாவுக்குத் தெரியும்.

வைகாசி நடுவில் ஒரு நாள் வரிசை கலைந்தபின், அவள் அண்ணாச்சியின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"சேலை இப்ப எங்க இருக்கு?"

"பரண்ல அண்ணாச்சி."

"வேற யார்ட்டயாவது சொன்னியா தாயி?"

"இல்ல. நாளைக்கு எல்லார் முன்னாலயும் சொல்லிரலாம்னு..."

"சொல்லிட்டா?"

"சொல்லிட்டா துணி காஞ்சிரும். அப்படித்தான் எனக்குத் தோணுது."

அவர் கொடியை அண்ணாந்து பார்த்தார். "எனக்கும் அப்படித்தான் தோணுது" என்றார். பிறகு குரலைத் தணித்து, "ஐப்பசி வரைக்கும் பொறு. ஒரு மழை விழட்டும். இருபத்தேழு வீடு, தாயி. இதுல கர்ப்பிணி இருக்கா, நோயாளி இருக்கா. ஒருத்தி பேரை விட ஊர் தொண்டை பெருசு. நானே ஐப்பசியில கோமுவைக் கூப்பிட்டு, பக்குவமாச் சொல்லுதேன்" என்றார்.

நியாயம்தான் என்று நினைத்தபோது அவளுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட வெட்கமாக இருந்தது. தன்னுடைய கோழைத்தனத்துக்கு இப்போது இருபத்தேழு வீட்டுக் குடங்கள் சாட்சி நின்றன.

வைகாசி கடைசியில் கோமு வந்தாள்.

இடுப்பில் ஒரு பிளாஸ்டிக் குடம். மெலிந்திருந்தாள். மகள் பிரசவத்துக்கு வந்து பிள்ளை பெற்று ஒன்பது நாள் ஆகிறது, தெருக்குழாயில் காற்றுதான் வருகிறது, அதனால்தான் வந்தேன் என்று அண்ணாச்சியிடம் சொன்னாள். சௌந்தரம் இருந்த பக்கம் திரும்பவில்லை. வரிசையில் நின்ற பெண்கள் இரண்டடி தள்ளி இடம் விட்டார்கள்; ஒருத்தி கழுத்துச் சங்கிலியை ரவிக்கைக்குள் விட்டுக்கொண்டாள். அண்ணாச்சி பெரிய போர்வையைக் கைகாட்டினார். கோமு அதற்குக் கீழே குடத்தை வைத்தாள்.

போர்வை சொட்டுவதை நிறுத்தியது.

அவள் குடத்தை அடுத்த வேட்டிக்கு நகர்த்தினாள். வேட்டி நின்றது. சேலைக்கு நகர்த்தினாள். மேலே விளிம்பில் உருண்டு நின்ற ஒரு சொட்டு, விழாமல், திரும்பத் துணிக்குள்ளேயே ஏறிக்கொண்டது. அவள் குடத்தை எடுத்ததும் போர்வையும் வேட்டியும் பழையபடி ஊற்ற ஆரம்பித்தன.

"பாத்தீங்களா?" என்றது வரிசையில் ஒரு குரல். "துணிக்குத் தெரியுது, யாரு யாருன்னு."

"எடுத்த கைக்குக் கொடுக்குமா?"

"மதினி வீட்டுத் துணியில்லா. அது மறக்குமா?"

சௌந்தரம் துவைக்கிற கல்லுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். வாயைத் திறந்தாள். அண்ணாச்சி அவளைப் பார்த்து, வேண்டாம் என்று மெல்லத் தலையை அசைத்தார். அவள் வாயை மூடிக்கொண்டு, கையில் இருந்த துணியை, ஏற்கெனவே துவைத்து முடித்த துணியை, மறுபடியும் கும்ம ஆரம்பித்தாள். கோமு காலிக்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, வந்த வழியே, யாரையும் ஏசாமல் போனாள். காலிக்குடம் இடுப்பில் இருக்கிறவள் நடக்கும்போது அது வளையலில் தட்டித் தட்டி ஒரு சத்தம் வரும். தெருமுனை திரும்பும்வரை அது கேட்டது.

அன்றைக்குச் சௌந்தரம் மாமனாருக்குக் கஞ்சி கொடுக்கப் போனபோது அவர் கண்ணை மூடிக்கொண்டார். வாய் போனதிலிருந்து அவர் அவளுக்குச் சொன்ன ஒரே வார்த்தை அது.

மறுநாள் காலையில், வரிசை முழுக்க நிறைந்து, குடங்களெல்லாம் பாதி ரொம்பியிருந்த நேரம், சௌந்தரம் பரணிலிருந்து பொதியை எடுத்துக்கொண்டு வந்து முற்றத்தின் நடுவில் நின்றாள். மாசியில் நின்ற அதே இடம், நான்கு வீட்டுக்கும் கேட்கிற அதே குரல்.

"கோமு சேலையை எடுக்கலை. நான்தான் வச்சேன், நான்தான் மறந்தேன். சித்திரையில கிடைச்சுது. கிடைச்சும் சொல்லலை."

சத்தம் முதலில் வந்தது. இருபது கொடியிலும் ஒரே நேரத்தில், நெருப்பில் போட்ட அப்பளம்போல, துணிகள் காய்ந்து விறைத்தன. கடைசிச் சொட்டு ரெஜினாவின் குடத்தில் விழுந்தது; அது விழுந்த சத்தம் எல்லாருக்கும் கேட்டது. நாற்பது பேரும் அண்ணாந்து கொடியைப் பார்த்தார்கள்.

"ஏன் மதினி," என்றாள் ரெஜினா. குரலில் கோபம்கூட இல்லை. "ஒரு நாலு மாசம் பொறுத்திருக்கப்படாதா?"

"நாம யாரும் எதுவும் கேக்கலைன்னு வச்சுக்கிடுவோம்" என்றாள் ஒருத்தி. "அவங்க ஒண்ணும் சொல்லலை. நாம ஒண்ணும் கேக்கலை. நீங்க போய் ஒரு துண்டைத் துவைச்சுப் போடுங்க, பாப்போம்." அதைச் சொன்னவள் கைப்பிள்ளைக்காரி. கெஞ்சுகிற மாதிரிதான் சொன்னாள். கொஞ்சம் பேர் தலையாட்டினார்கள். அண்ணாச்சி நாற்காலியை மடக்கி எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனார்.

சௌந்தரம் பொதியைத் துவைக்கிற கல்லில் வைத்துவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு, ரயில் பாதையைத் தாண்டி நடந்தாள். ஆறு வருஷம் தன் வீட்டுத் துணியை மடித்தவளுடைய வீடு எது என்று அவளுக்குத் தெரியவில்லை. மூன்று இடத்தில் விசாரிக்க வேண்டியிருந்தது.

கோமு வாசலில் நின்று பிள்ளையின் துணிகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள், மூத்திரம் மட்டும் போனது ஒரு பக்கம், மற்றது ஒரு பக்கம். முதல் பக்கத்தை அப்படியே வெயிலில் உலர்த்தித் திரும்பக் கட்டலாம். உள்ளே பிள்ளை அழுதுகொண்டிருந்தது.

"கோமு, சேலை கிடைச்சிருச்சு."

"தெரியும்."

"யாரு சொன்னா?"

"சித்திரையிலேயே தெரியும். பங்குனி வரைக்கும் ரோட்டுல என்னைப் பாத்தா முறைச்சுக்கிட்டுப் போவீங்க. சித்திரையில மார்க்கெட்டுல பாத்தேன், தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போனீங்க. அப்பமே நெனச்சேன், கிடைச்சிருச்சுன்னு." அவள் ஒரு துணியை உதறினாள். "இன்னைக்கு வருவாங்க, நாளைக்கு வருவாங்கன்னு இருந்தேன். பிறகு விட்டுட்டேன்."

"அங்க எல்லார் முன்னாலயும் சொல்லிட்டுத்தான் வாரேன்."

"துணி?"

"காஞ்சு போச்சு."

கோமு சிரித்தாள், நல்ல சிரிப்பு இல்லை. "நல்லாருக்கு யக்கா. இத்தனை நாளும் நான் சேலை எடுத்தவ. இனிமே தண்ணியை நிறுத்துனவ."

சௌந்தரம் காலடியில் கிடந்த பிள்ளைத் துணிகளை எடுக்கக் குனிந்தாள்.

"அதைத் தொடாதீங்க."

அவள் கையை இழுத்துக்கொண்டாள். வெயிலில் அப்படியே நின்றாள். போகவும் தோன்றவில்லை, இருக்கச் சொல்லவும் யாருமில்லை. அப்போது தெருக்கோடியில் தண்ணீர் லாரியின் ஹாரன் கேட்டது. எல்லா வீட்டுக் கதவும் ஒரே நேரத்தில் திறந்தது. கோமு ஒரு குடத்தை எடுத்துக்கொண்டு ஓடினாள். நாலடி போனவள் நின்று, திரும்பி, வாசலில் மிச்சமிருந்த இரண்டாவது குடத்தைப் பார்த்தாள், சௌந்தரத்தைப் பார்த்தாள், மறுபடி ஓடினாள். சௌந்தரம் அந்தக் குடத்தை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினாள்.

வரிசை நீளமாக இருந்தது. வெளுத்த சேலையும் பெரிய வீட்டு நடையுமாக ஒருத்தி குடத்தோடு நிற்பதைப் பெண்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

"யாரு கோமு இது? புதுசா இருக்கு?"

கோமு தனக்கு முன்னால் நின்றவளின் முதுகைப் பார்த்தபடி நின்றாள்.

"நான் தங்கையா காம்பவுண்டு" என்றாள் சௌந்தரம். "கோமு எங்க வீட்டுலதான் வேலை பாத்தா. அவ சேலை எடுத்துட்டான்னு பேரு வந்துச்சுல்ல, அது நான் வாங்கிக் கொடுத்த பேரு. அவ எடுக்கலை. நான் வச்ச இடத்துலயே இருந்துச்சு. ரெண்டு மாசமா எனக்குத் தெரியும்."

முன்னால் நின்றவள் அதைக் கேட்டுத் தனக்கு முன்னால் நின்றவளிடம் சொன்னாள். ஒருத்தி காறித் துப்பினாள். வரிசை ஓரடி நகர்ந்தது. பின்னாலிருந்து ஒரு கிழவி, குடத்தைத் தரையில் ஊன்றிக்கொண்டு, "என்ன சொல்லுதா? யாரு எதை எடுத்தா?" என்று கேட்டாள்.

கோமு திரும்பினாள். அன்றைக்கு முதன்முறையாகச் சௌந்தரத்தைக் கண்ணுக்கு நேராகப் பார்த்தாள்.

"சத்தமாச் சொல்லுங்க யக்கா. அவளுக்குக் காது மந்தம்."

சௌந்தரம் தொண்டையைச் செருமிக்கொண்டு, முதலிலிருந்து தொடங்கினாள்.